ஜொகூர் பாருவில் இருந்த ஆர்மோனியம்

2021 நடுவில், கொரோனாவால் ஊர் விட்டு ஊர் போக முடியாத மாதங்களில், என் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துபோனது. அது என் தாய்மாமா கொடுத்தது. கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே திருவிழா நாடகங்களுக்கு வாசித்தவர் அவர். துருத்தி மடிப்பில் இருந்த தோல் காய்ந்து வெடித்துவிட்டது. ஒட்டுப்போட்டேன், ஒட்டிய பசை காய்வதற்குள் பக்கத்து மடிப்பு விட்டது. கோயில் மூடியிருந்தாலும் எங்கள் பஜனைக் குழு வெள்ளிக்கிழமை தோறும் கைப்பேசி வழியாகக் கூடிப் பாடிக்கொண்டுதான் இருந்தது. சரி, பழசாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், பாகான் டாலாமில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் வயர்மேன் வேலை. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் எத்தனை வீட்டுச் சுவரில் பிளக் பாயிண்ட் வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இரட்டை ரீடு (ஒலி தருகிற உலோக நாக்குகள் இரண்டு வரிசை), மூன்றரை ஸ்தாயி, சுருதி மாற்றுகிற ஸ்கேல் சேஞ்சர், பெட்டியோடு. விலை 950 ரிங்கிட். புதிதாக வாங்கினால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். நான்கு படங்கள், எல்லாமே அழகாக எடுத்தவை. எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது, தமிழில்.

“அண்ணே, வணக்கம். எதுக்குண்ணே ஆர்மோனியம்?”

“கோயில் பஜனைக்குத் தம்பி.”

“அப்படின்னா 850 கொடுங்கண்ணே. சாமி காரியம். நான் ஜொகூர் பாருவில இருக்கேன், கூரியர்ல அனுப்பிடுறேன். இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க, 300 மட்டும் புக்கிங் போட்டு வையுங்க.”

சாமி காரியம் என்ற அந்த வார்த்தையில் நான் இளகிவிட்டேன். கேட்காமலேயே நூறு வெள்ளி குறைப்பவனைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. கணக்கு எண் அனுப்பினான். பணம் போடும்போது திரையில் வந்த பெயர் வேறு. கேட்டேன். மைத்துனர் கணக்கு என்றான். போட்டுவிட்டேன். மறுநாள், கூரியர் இன்சூரன்ஸ் 250, பொருள் கைக்கு வந்ததும் திரும்பக் கிடைத்துவிடும் என்றான். அதையும் போட்டேன். மூன்றாம் நாள் மரப்பெட்டிக்கு 400 கேட்டபோதுதான் எனக்குள் ஏதோ இடறியது.

அன்று இரவு அந்த நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் சுவர். சுவரில் ஒரு சுவிட்ச் போர்டு. ஆறு சுவிட்ச் வரிசையாக, அதன் ஓரத்தில் ஒரு பிளக் பாயிண்ட். அந்தப் பாயிண்டில் இருந்தவை வட்டத் துளைகள்.

நம் நாட்டில் இருப்பது மூன்று பட்டைத் துளை. நான் வாழ்நாள் முழுவதும் பொருத்தியது அதைத்தான். வட்டத் துளையும் ஒரே பலகையில் வரிசையான சுவிட்சும் இந்தியாவில் உள்ள வீடுகளில் இருப்பவை. ஜொகூர் பாருவில் எந்த வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. படத்தை வைத்து இணையத்தில் தேடினால் அதே படம் எங்கே இருந்து வந்ததென்று கண்டுபிடிக்கலாம் என்று என் அண்ணன் மகள் சொன்னாள். கூகுள் லென்ஸில் போட்டாள். இந்தியாவில் உள்ள ஒரு கடையின் பக்கத்தில் அதே நான்கு படங்களும் இருந்தன.

550 ரிங்கிட். ஓய்வு பெற்ற மனிதனுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் என்னை அதிகமாக வருத்தியது, கோயில் பெயரைச் சொல்லி வாங்கினான் என்பதுதான். போலீஸில் புகார் கொடுத்தேன், பணம் திரும்பவில்லை. அதற்கப்புறம் இந்த நாலைந்து வருஷத்தில் எங்கள் பக்கத்துத் தேவார வகுப்பு, பஜனைக் குழு, வயலின் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்று நிறையப் பேருக்குப் பழைய வாத்தியம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் பட்டது இன்னொருவர் படக்கூடாது என்பதற்காகத் தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

ஏமாற்றுகிறவன் எப்போதும் தூரத்தில்தான் இருப்பான். பினாங்குக்காரன் கேட்டால் ஜொகூர் பாரு, ஜொகூர்காரன் கேட்டால் கூச்சிங். நேரில் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அவசர வேலையாக வெளியூர் போயிருப்பான். முடா, கேரோசல், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் என்று எந்த விளம்பரத் தளமானாலும் தேடும்போதே உங்கள் மாநிலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் இப்போது வடக்கே பெர்லிஸ், தெற்கே தைப்பிங், அதற்கு மேல் போவதில்லை. ஒரு நாளில் காரில் போய்த் திரும்ப முடிந்த தூரம் அது. நல்ல வாத்தியம் கோலாலம்பூரில் இருந்தால் அங்கே தெரிந்த ஒருவரைப் பார்த்து வரச் சொல்வேன். பிரிக்பீல்ட்ஸில் பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் குறைவில்லை. கேட்டால் யாராவது வருவார்கள்.

நேரில் போகும் முன் வீடியோ அழைப்பில் ஒரு சோதனை செய்யலாம். படத்தைத் திருடலாம், வீடியோவையும்கூடத் திருடலாம். ஆனால் நாம் அந்த நேரத்தில் கேட்பதை வாசித்துக் காட்ட வாத்தியம் கையில் இருந்தாக வேண்டும். ஆர்மோனியம் என்றால் (ரீடுகளுக்குக் காற்றைத் திறந்துவிட இழுக்கிற குமிழ்தான் ஸ்டாப்பர்) நான் சொல்வது இதுதான்: “ஸ்டாப்பர் எல்லாத்தையும் மூடிட்டுத் துருத்தியை நல்லா அடிங்க. இப்போ விடுங்க. இப்போ ஒரு ஸ்டாப்பரை மட்டும் இழுத்து ஐந்தரைக் கட்டையைப் பிடிங்க.” வீணை என்றால், முதல் தந்தியான சாரணியை விரல் வைக்காமல் மீட்டச் சொல்லுங்கள், உடனே அதே தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டில் (மெழுகில் பதித்த குறுக்குக் கம்பியில்) வைத்து மீட்டச் சொல்லுங்கள். இரண்டும் மத்திய சட்ஜமும் மேல் சட்ஜமுமாக அச்சாகச் சேர வேண்டும். சேராவிட்டால் மெழுகில் மெட்டு நகர்ந்திருக்கிறது. அது சரிசெய்யக்கூடியது, விலையில் பேசலாம். விற்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, விரல் எங்கே வைக்க வேண்டும் என்று நாமே சொல்லித் தரலாம். உண்மையான ஆள் தடுமாறியாவது செய்வார். மற்றவனுக்கு அந்த நேரம் பார்த்து நெட் போய்விடும்.

பணம் விஷயத்தில் எனக்கு இப்போது ஒரே பழக்கம்தான். சத்தம் கேட்காமல் ஒரு காசு போடுவதில்லை. புக்கிங், டெபாசிட், வேறு ஆள் கேட்கிறான், எதுவாக இருந்தாலும் சரி. “வேறு ஆளுக்குக் கொடுத்துடுங்க தம்பி, மீந்தா சொல்லுங்க” என்று சொல்லிவிடுவேன். இப்படி விட்டதில் ஒரு நல்ல மிருதங்கத்தை இழந்தேன் என்பது உண்மைதான். அந்த வருத்தம் ஒரு வாரத்தில் போய்விட்டது.

நேரில் கேட்டுப் பார்த்து, பிடித்து, அங்கேயே டுயிட்நவ் என்கிற உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாகப் போடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். உறுதி செய்வதற்கு முன் யார் பெயருக்குப் போகிறதென்று திரையில் வரும். எதிரில் நிற்பவரின் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். மைத்துனர் கணக்கு, நண்பர் கணக்கு என்றால் காசாகவே கொடுத்துவிடுங்கள். மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்கள், கழுதைக் கணக்கு. அடுத்தவனின் திருட்டுப் பணத்தைச் சுமக்கிற கணக்கு என்று பொருள். இப்படிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சில நூறு வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை எழுதும்போது மனசு கனக்கிறது. பணம் எடுத்துக்கொண்டு போனவன் தப்பித்துவிடுவான். கணக்கில் பெயர் இருக்கிற பையன் கோர்ட்டில் நிற்பான். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார்க்கலாம். போலீஸின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்துவது அது. ஏற்கெனவே புகார் வந்த எண் என்றால் காட்டும். ஆனால் எதுவும் காட்டவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நேற்றுத் திறந்த கணக்கின் மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இனி விற்கிறவர்களுக்கு. வாங்குகிறவன்தான் ஏமாறுவான் என்று நானும் நினைத்திருந்தேன், என் அண்ணன் மகள் தன் கீபோர்டை விற்கிற வரைக்கும்.

போன வருஷம் அவள் சின்ன வயதில் வாங்கிய யமஹா கீபோர்டை 700 ரிங்கிட்டுக்குப் போட்டிருந்தாள். விளம்பரம் போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஒருவர் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நேரில் வர நேரமில்லை, பொருளை எடுத்துவர டெலிவரி ரைடரை அனுப்புகிறேன், பணம் இப்போதே போடுகிறேன் என்றார். அப்போதே பணம் போட்ட ரசீதும் படமாக வந்தது. நான் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது.

“சித்தப்பா, ரைடர் வாசல்ல நிக்கிறாரு. ஸ்லிப் வந்திருச்சு. கொடுத்திரவா?”

“ஸ்லிப்பை விடு. உன் பேங்க் ஆப்பைத் திற. பணம் ஏறியிருக்கா பாரு.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஏறலை சித்தப்பா. ஆனா அதுல ஐபிஜின்னு போட்டிருக்கு, நாளைக்குத்தான் ஏறும்னு அவரு சொல்றாரு.”

“அப்படின்னா நாளைக்கே ரைடர் வரட்டும்.”

இதை அவள் அப்படியே எழுதி அனுப்பியதும் அந்த ஆளின் பேச்சு மாறிவிட்டது. முதலில் ரைடருக்குக் காத்திருப்புக் கூலி ஏறுகிறது என்றான். அப்புறம் பணம் போட்ட பின் பொருள் தரவில்லை என்று உன் மேல் போலீஸில் புகார் கொடுப்பேன் என்றான். இருபத்து நான்கு வயதுப் பெண், வீட்டில் தனியாக இருந்தாள், கை நடுங்கிவிட்டது என்று அப்புறம் சொன்னாள். நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அந்த ரைடர் பையன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வந்த ஆர்டரை எடுத்தான், அவ்வளவுதான். அவள் அவனுக்குத் தண்ணீரும் பெட்ரோலுக்கு ஐந்து வெள்ளியும் கொடுத்து அனுப்பினாள். மறுநாளும் பணம் ஏறவில்லை. அந்த எண்ணும் போய்விட்டது.

ரசீது என்பது ஒரு படம். யார் வேண்டுமானாலும் எண்ணை மாற்றி வரைந்துவிடலாம். வங்கியில் இருந்து வந்ததைப் போன்ற குறுஞ்செய்தியையும் செய்துவிடுகிறார்கள். நம் ஆப்பை நாமே திறந்து, மீதித் தொகை கூடியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் கணக்கு. ஐபிஜி என்ற முறையில் பணம் ஏற உண்மையிலேயே நேரம் ஆகும். அதனால்தான் அதைச் சாக்காகச் சொல்கிறார்கள். டுயிட்நவ் அந்த நிமிஷமே ஏறும். உண்மையாக வாங்குகிறவருக்கு அதில் போடுவதில் எந்தக் கஷ்டமும் இல்லை.

காசோலையிலும் ஒரு வித்தை இருக்கிறது. எங்கள் தாமானில் ஒரு அக்கா தபேலா ஜோடி ஒன்றை விற்றார். விலை 600. அவர் கணக்கில் 1,600 ஏறியதாகக் காட்டியது. தவறிக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், ஆயிரத்தைத் திருப்பி அனுப்புங்கள் அக்கா, அவசரம் என்று அழுகிற குரலில் ஒருவன் பேசினான். அவர் நல்ல மனசுக்காரர், அனுப்பிவிட்டார். இயந்திரத்தில் காசோலையைப் போட்டால் தொகை உடனே கணக்கில் தெரியும், ஆனால் அது இன்னும் தீர்வாகாத பணம். எடுக்கக்கூடிய தொகை என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் காசோலை திரும்பியது. 1,600-உம் கணக்கில் இருந்து மறைந்தது. அவர் அனுப்பிய ஆயிரம் அவர் சொந்தப் பணம். தபேலா நல்லவேளையாக இன்னும் வீட்டில்தான் இருந்தது.

இப்போது அதிகமாக வருவது லிங்க். பணம் தயாராக இருக்கிறது, இந்த லிங்க்கைத் தட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று வரும். திறந்தால் நாம் விளம்பரம் போட்ட தளத்தைப் போலவே இருக்கும், அட்டை எண்ணும், பணம் அனுப்ப வங்கி தருகிற ஒருமுறை எண்ணான டிஏசியும் கேட்கும். சில சமயம் ஏபிகே என்று முடிகிற கோப்பை இறக்கச் சொல்வார்கள்; இறக்கினால் கைப்பேசியே அவர்கள் கைக்குப் போய்விடும். பணம் வாங்குவதற்கு நம் கணக்கு எண் மட்டும் போதும். டிஏசி கேட்கிறார்கள் என்றால் அது பணம் வெளியே போகிற வழி.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நான் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை, அந்த இரண்டு நாள்தான் முக்கியமானது. 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் வந்தது, எண் 997. பணம் ஒரு கணக்கில் இருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் கூப்பிட்டால் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. அதையும் உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவையும் உடனே கூப்பிட்டுவிட்டு, அப்புறம் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அவன் எண்ணை பிளாக் செய்தாலும் உரையாடல் இருக்கட்டும்.

எல்லாப் பொய்யும் மோசடி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயர் ஈத்தாமில் ஒரு சீன முதியவர் வயலின் விற்கிறார் என்று அண்ணன் மகள் காட்டினாள். விலை 8,000 ரிங்கிட். தன் தகப்பனார் வைத்திருந்த ஸ்ட்ராடிவாரியஸ், உலகப் புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின், என்று எழுதியிருந்தார். மோசடி என்றே நினைத்தேன். ஆனால் வீட்டு முகவரியைத் தந்து, எந்த நேரமும் வந்து பாருங்கள் என்று சொன்னார். ஒரு சனிக்கிழமை ஃபெர்ரியில் தீவுக்குப் போனோம்.

கடைவீட்டின் மேல்மாடி. மேசையில் பழைய துண்டு விரித்து அதன் மேல் வயலினை வைத்திருந்தார். நான் கைப்பேசி விளக்கை எஃப் எழுத்தைப் போன்ற துளைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே தூசிக்கு அடியில் மஞ்சளான ஒரு சீட்டு, லத்தீனில் அச்சடித்தது: அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 17 என்று தொடங்கும் ஒரு வருஷம். அதற்குக் கீழே, சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற சின்ன எழுத்தில், ‘மேட் இன் ஜெர்மனி’. அண்ணன் மகளிடம் காட்டினேன். அவள் முதியவரிடமும் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்தவர், இத்தாலிக்காரர். அவருடைய வயலினைப் பார்த்து ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) தொழிற்சாலை கணக்கில் செய்தார்கள், அவர் சீட்டையே அச்சடித்து ஒட்டினார்கள். அன்று அதை யாரும் ஏமாற்று என்று நினைக்கவில்லை. எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று காட்டும் குறிப்பு அது. 1890-இல் அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதற்கப்புறம்தான் நாட்டுப் பெயர் போட்ட சீட்டுகள் பரவலாக வந்தன. உலகத்தில் மிஞ்சியிருக்கிற அவருடைய வாத்தியங்கள் ஏறக்குறைய 650 என்று சொல்கிறார்கள். அவரவர் வீட்டுப் பரணில் அவர் பெயர் போட்ட சீட்டு கிடைப்பதற்கு இதுதான் காரணம். இதை எனக்குத் தெரிந்த மலாயில் மெதுவாகச் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. எங்களுக்குச் சீனத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அவரே அழைத்து, உங்களுக்கு நியாயமாகத் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்றார். வில்லில் முடி இல்லை, தந்தி முறுக்குகிற பிருடைகள் வழுக்கின, உள்ளே இருக்கிற சின்னத் தூண் விழுந்து கிடந்தது. ஆனால் மேல்பலகையில் கீறல் விரிசல் எதுவும் இல்லை. 600 கொடுத்தோம். சரிசெய்ய இன்னொரு 300 ஆனது. அந்த மரத்தில் இருந்து வருகிற பஞ்சமம் காதுக்கு அவ்வளவு இதம்.

மைக் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஜனைக் குழுக்கள் எல்லாம் தேடுவது ஷூர் எஸ்எம்58. உலகத்திலேயே அதிகமாகப் போலி செய்யப்படுகிற மைக்குகளில் அதுவும் ஒன்று. அசல் 298 கிராம் இருக்கும் என்று அதன் நிறுவனம் சொல்கிறது. சமையலறைத் தராசை எடுத்துப் போங்கள். எடை சரியாக இருந்தாலே அசல் என்று ஆகிவிடாது, ஆனால் எடை தவறினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கீபோர்டு, கிதார் என்றால் அடியிலோ முதுகிலோ இருக்கிற சீரியல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தால் தொடாதீர்கள். பள்ளி பெயரோ இசை வகுப்பு பெயரோ ஒட்டிக் கிழித்த தடம் இருந்தால், எங்கே வாங்கினது, ஏன் விற்கிறீர்கள் என்று கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டம் 411-இன்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒரு பிள்ளையின் வயலினை வாங்கிக்கொண்டு எப்படி வாசிப்பது.

எங்கே சந்திப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பேரங்காடி பாதுகாப்புதான், ஆனால் ஆர்மோனியத்தின் காற்றுக் கசிவு அந்த இரைச்சலில் கேட்காது. வாங்குகிறவராக இருந்தால் விற்பவர் வீட்டுக்கே போவது எனக்குப் பிடிக்கும். அந்த வீட்டில் அவர் வாழ்கிறார் என்பதும் வாத்தியம் அங்கே இருந்தது என்பதும் கண்ணால் தெரியும். தனியாகப் போகக் கூடாது. விற்கிறவராக இருந்தால் கோயில் மண்டபம், காலைப் பூஜை முடிந்த நேரம். அமைதியாகவும் இருக்கும், நாலு பேரும் இருப்பார்கள்.

2021 அக்டோபரில் மாநில எல்லைகள் திறந்தபின் நான் கடைசியில் ஆர்மோனியம் வாங்கியது சுங்கை பட்டாணியில், ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியையிடம். அவர் கணவர் வாசித்தது. விளம்பரத்தில் ஒரே ஒரு படம், அதுவும் மங்கலானது. அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, நீங்க வாசிப்பீங்களா, இல்ல வாங்கி விக்கிறவரா?” முன்பணம் போடட்டுமா என்று சோதித்துப் பார்க்கக் கேட்டேன். “பாக்காம எதுக்குங்க பணம்? வந்து பாருங்க” என்றார்.

பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசனை. நான் ஸ்டாப்பர்களை மூடித் துருத்தியை அடித்தேன். நன்றாகப் பிடித்து நின்றது, உஸ் என்ற சத்தம் இல்லை. ஒவ்வொரு கட்டையாக அடியில் இருந்து மேலே வரை, ஒவ்வொரு வரிசை ரீடையும் தனியாகக் கேட்டேன். நாலரைக் கட்டையில் ஒரு ரீடு கரகரத்தது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் நாக்குக்கு அடியில் ஒரு நூல் துணுக்கு. ஊதி எடுத்ததும் சுத்தமாகப் பேசியது. அம்மையார் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கட்டைகளைச் சோதிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அதெல்லாம் சரிங்க, ஒரு பாட்டு வாசிங்க. கேட்டுட்டுத்தான் குடுப்பேன்” என்றார். எனக்குத் தெரிந்த ஒரு தேவாரத்தை வாசித்தேன். முதல் அடியிலேயே அவர் கூடச் சேர்ந்து பாடினார்.

1,100 ரிங்கிட் காசாகக் கொடுத்தேன். தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணினார். எனக்கு அது மிகவும் பிடித்தது.

மழைக்காலத்தில் அதன் மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் இறுகிக்கொள்ளும். மரம் ஈரம் குடிக்கிறது. மற்றபடி வெள்ளிக்கிழமை தோறும் பாடிக்கொண்டிருக்கிறது. பினாங்கிலோ செபராங் பிறையிலோ யாராவது பழைய ஆர்மோனியமோ வயலினோ பார்க்கப் போவதாக இருந்தால் முதல் நாளே எனக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியத்தில் எனக்கு வேலை இல்லை, டார்ச் லைட் மோட்டார் சைக்கிள் கூடையிலேயே இருக்கிறது.